வில்லங்கம்

பழைய வீடு ஒன்றை வாங்கவிருக்கும் நண்பர், பத்திர எழுத்தரிடமிருந்து வந்த கிரயப் பத்திர நகலை என்னிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் சொன்னார். தமிழில் எழுதுகிறவனால் சிநேகிதர்களுக்கு ஏற்படும் சொற்ப உபயோகங்களில் இது ஒன்று. வீடு திருப்பூரில், ரயில் நிலையத்துக்கும் நொய்யலுக்கும் நடுவே உள்ள பழைய தெருக்களில் ஒன்றில் இருக்கிறது. தெருவின் பெயரைச் சொல்லவில்லை. விற்கிறவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுடைய கஷ்டத்துக்கு இந்தக் கட்டுரை எந்த விதத்திலும் உதவப்போவதில்லை.

பத்திரத் தமிழை நாம் கேலி செய்து பழகிவிட்டோம். நிதானமாகப் படித்தால் அதில் ஒரு முழுத் தத்துவம் இருப்பது தெரிகிறது. முதலில் நான்கு எல்லை. பிறகு அந்த நான்கு எல்லைக்குள் விற்கப்படுகிற எட்டு போகங்கள்: நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம். புதையல், யாரோ வைத்துவிட்டுப் போனது, தண்ணீர், கல், குறையாமல் வந்துகொண்டிருப்பது, இனி வரப்போவது, கைகூடியது, கைகூடக்கூடியது. கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் இருந்த பட்டியல் முத்திரைத்தாள் வரை வந்திருக்கிறது. ஒரு துண்டு நிலத்தைக் கொடுக்கிறவன் அதன் கடந்த காலத்தையும் எதிர்காலத்தையும் சேர்த்துக் கொடுக்கிறான் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. கடைசியில், மேற்படி சொத்தில் எவ்வித வில்லங்கமும் இல்லை என்ற உறுதிமொழி.

அந்தச் சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். வில்லங்கம் என்றால் பதிவாளர் அலுவலகத்துக்கு அடமானம், பாத்தியதை, வழக்கு. முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்று, சுத்தமாக இருக்கிறது என்றார் நண்பர். பதிவேட்டில் ஏறக்கூடிய வில்லங்கம் சரி. பதிவேட்டில் ஏறாத வில்லங்கம் என்று ஒன்று உண்டா? உண்டென்றால் அது யாரைச் சேர்கிறது? விற்றவனையா, வாங்கியவனையா, அந்த வீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற நம்மையா?

*

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு அடுக்கு. தெருப்பக்கம் வளைவுகளும் வரி ஓடிய இரும்புத் தூண்களும். மாடி முகப்பில் சரிகைக்கரை போல அறுத்த மரவேலை. ஜன்னல்களுக்கு மேல் அரைவட்டத்தில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கண்ணாடிகள். பாதி உடைந்து, அட்டை வைத்து மறைக்கப்பட்டவை. உள்ளே நுழைந்ததும் சீமை காணாமல் போய்விடுகிறது. ஆசாரம், பூஜை அறை, சமையற்கட்டு, பின்னால் பொடக்காணி, கிணறு. மாடி விட்டத்து இரும்பில் டார்மன் லாங் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பெயர் எழும்பி நிற்கிறது. முகம் இங்கிலாந்தைப் பார்த்தது, வயிறு கொங்குநாட்டிலேயே இருந்துவிட்டது.

குடும்பத்தார் இதை ராணி காலத்து வீடு என்கிறார்கள். விக்டோரியா 1901-ல் இறந்தார். தாய்ப்பத்திரத்தின் தேதி அதற்குப் பிந்தியது. நம் ஊர்களில் ராணியைவிட ராணியின் பாணிக்கு ஆயுள் அதிகம். எஜமானனின் மோஸ்தர் எஜமானன் வீட்டில் பழசாகிப்போன பிறகுதான் நம் தெருவுக்கு வந்து சேரும். இலக்கியத்திலும் இப்படித்தான் என்பது இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாததல்ல.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இருபது வருஷங்களுக்கு முன் இதே போன்ற ஒரு வீட்டை வைத்து நான் ஒரு கவிதை எழுதியிருக்கிறேன். உடைந்த வண்ணக் கண்ணாடி, தூசியில் விழும் வெயில், வாய் திறந்த ஊமைக் கிணறு, எல்லாம் அதில் உண்டு. நண்பர்கள் பாராட்டினார்கள். வீடு அதில் ஒரு படிமம். அதை எந்தப் பணத்தில் யார் கட்டினார்கள் என்ற கேள்வி கவிதைக்குள் வர இடமே இல்லை. இடிந்துகொண்டிருக்கும் எதுவும் குற்றமற்றது என்ற ஒரு நம்பிக்கை நம் கவிதைகளில் பலமாக இருக்கிறது. அழிகிறதாலேயே ஒன்று புனிதமாகிவிடுகிறது. இது சோம்பேறித்தனமான நம்பிக்கை என்று இப்போது தோன்றுகிறது.

புரோக்கர் என்னைவிட நேர்மையானவர். அவர் முகப்பை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "கட்டடத்துக்கு மதிப்பே இல்லீங்க. இடத்துக்குத்தான், சென்ட் கணக்கு. மரத்துக்கு மட்டும் ஆள் இருக்கு" என்றார். நிலைகளும் தூண்களும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போகும். அங்கிருந்து ஏதாவது ஒரு ஓட்டலின் வரவேற்பறைக்குப் போகும். செட்டிநாட்டு வீடுகள் பல இப்படித்தான் கதவு கதவாகப் பிரிந்து போயிருக்கின்றன.

*

இந்தத் தெரு எப்படி வந்தது? சென்னையிலிருந்து மேற்குக் கரைக்குப் போட்ட ரயில் பாதை 1862-ல் முழுமையாகத் திறக்கப்பட்டது. ஈரோட்டிலிருந்து போத்தனூருக்குப் போகிற வழியில் அது திருப்பூரைத் தொட்டது. கோயில் இருந்த அவிநாசி ஒதுங்கிவிட்டது. ஸ்டேஷன் வந்த திருப்பூர் ஊராகிவிட்டது. அதே சமயம் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 1861 முதல் 1865 வரை லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு சரியாக வரவில்லை. எங்கெல்லாம் கரிசல் மண் இருந்ததோ அங்கெல்லாம் பஞ்சுக்கு ஆள் வந்தது. போர் முடிந்து விலை விழுந்தாலும் பழக்கம் போகவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கம்போடியா பருத்தி வந்து, கிணற்றுப் பாசனத்தில் கொங்கு நிலமெல்லாம் பரவியது. பருத்தி மண்டிகள், ஜின்னிங் ஆலைகள், பேல் அழுத்தும் பிரஸ்கள். பருத்தி சீமைக்குப் போய்த் துணியாகத் திரும்பியது. அந்தப் பணத்தில் கொஞ்சம் இரும்பு விட்டமாகவும் வண்ணக் கண்ணாடியாகவும் திரும்பி, இந்த மாதிரி வீடுகளின் முகத்தில் ஏறிக்கொண்டது.

இதே ஊர்தான் கதருக்கும் தலைநகராக இருந்தது. அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்குத் தலைமையகம் இங்கே. காந்தி ஒருமுறைக்கு மேல் வந்திருக்கிறார். 1932 ஜனவரி 10-ஆம் தேதி கொடியோடு போன ஊர்வலத்தில் போலீஸ் அடித்து, மறுநாள் இறந்துபோன குமரன், சென்னிமலையில் பிறந்து இங்கே பஞ்சு ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர். சீமைத் துணியை எதிர்த்துச் செத்தவரும், சீமைக்குப் பருத்தி அனுப்பிச் சம்பாதித்தவரும் ஒரே பருத்தியைத் தொட்டவர்கள். இந்தத் தெரு அந்த இருவருக்கும் பொது.

பனியன் தொழிலின் விதை 1920களிலேயே விழுந்துவிட்டது. கல்கத்தாவின் வேலையை இந்த ஊர் மெல்ல மெல்லத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. 1970களின் கடைசியில் ஐரோப்பிய ஏற்றுமதி தொடங்கியதும் வேகம் மாறியது. வீட்டின் வலப்பக்கத்துத் தோட்டத்தில் தகர ஷெட் வந்தது. பிறகு இடப்பக்கமும். ஆசாரத்தில் பவர் டேபிள் போட்டு ஓவர்லாக் மெஷின்கள் ஓடின. மாடியில் செக்கிங்கும் அயர்னிங்கும். டெய்லர் பக்கத்தில் கைமடிப் பையன்கள் உட்கார்ந்தார்கள். 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் வேலைநிறுத்தம் நடந்தபோது அந்த மெஷின்கள் நின்றன. மற்றபடி இரவு பகல் ஓடின. பின்பக்கச் சுவரை ஒட்டி லைன் வீடுகள் எழும்பின. வீட்டுக்காரர்கள் ஊருக்கு வெளியே புது வீடு கட்டிக்கொண்டு போனார்கள். வாடகைக்கு இருந்த கம்பெனியும் கடைசியில் காலிசெய்தது. இப்போது பலகை தொங்குகிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். இந்த வீட்டை எழுப்பிய சக்தியும் இதை இடிக்கப்போகிற சக்தியும் வேறுவேறல்ல. பருத்தி கட்டியது, பனியன் இடிக்கிறது. தோட்டத்தை அழித்து ஷெட் போட்டது வெளியாள் இல்லை, அதே குடும்பம். ஆகவே வீட்டைக் காலத்தின் பலி என்று பேசுவது பொய். அது காலத்தின் பங்காளி. முன்பு அதற்கு லாபம் வந்தது, இப்போது நஷ்டம்.

*

பழைய கட்டடங்களை இடிப்பது தவறு என்பதற்குத் தார்மீகக் காரணம் சொன்னவர்களில் முக்கியமானவர் ரஸ்கின். 1849-ல் வந்த கட்டடக்கலை பற்றிய நூலில் நினைவுக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். கட்டடம் நம்முடையது அல்ல, ஒரு பங்கு கட்டியவர்களுடையது, ஒரு பங்கு இனி வரப்போகிற தலைமுறைகளுடையது, ஆகவே நமக்கு அதைத் தொட உரிமை இல்லை என்பது அவர் வாதம். இது நம் பத்திரத்தின் சித்தத்துக்கும் சாத்தியத்துக்கும் வெகு அருகில் வருகிற வாதம்.

அதே ரஸ்கின்தான் பணம் எந்த வழியில் வந்தது என்று கேட்காமல் செல்வத்தைப் பற்றிப் பேசவே முடியாது என்றும் எழுதினார். அந்தப் புத்தகத்தைத்தான் காந்தி 1904-ல் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில் படித்தார். சர்வோதயம் என்ற பெயரில் தழுவி எழுதினார். திருப்பூர்க் கதருக்கு ஒரு வேர் அங்கே இருக்கிறது. ஆக, இந்த வீட்டை இடிக்காதே என்று சொல்வதற்கும் ரஸ்கினைக் கூப்பிடலாம். இந்த வீட்டைக் கட்டிய பணத்தைக் கேள்வி கேட்பதற்கும் அவரையே கூப்பிடலாம். ஒரே மனிதரின் இரண்டு வாக்கியங்கள் நம் தெருவில் எதிரெதிராக நிற்கின்றன.

1864-ல் பிராட்ஃபோர்டு கம்பளி வியாபாரிகள் தங்கள் சந்தை மண்டபத்தை எந்தப் பாணியில் கட்டலாம் என்று யோசனை கேட்டு அவரை அழைத்தார்கள். பிராட்ஃபோர்டை அந்தக் காலத்துத் திருப்பூர் என்று நினைத்துக்கொள்ளலாம். அவர் போய், உங்கள் மண்டபத்தைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை என்று ஆரம்பித்தார். நீங்கள் எதை வணங்குகிறீர்களோ அதுதான் உங்கள் கட்டடமாக வரும், நீங்கள் வணங்குவது முன்னுக்கு வருதல் என்கிற தேவதையை, என்பது அவர் பேச்சின் சாரம். மண்டபத்தை அவர்கள் கட்டத்தான் செய்தார்கள். இன்று அதில் ஒரு புத்தகக் கடை இருக்கிறது. அழகான கட்டடம் என்று எல்லோரும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தேவதை இடம் மாறிவிட்டாள். கம்பளி நெய்தவர்களின் கணக்கு தீர்ந்ததா என்று கட்டடத்தைப் பார்த்து யாரும் கேட்பதில்லை.

ரஸ்கினின் பங்குக் கணக்கில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. கட்டியவர்கள் ஒரு பங்கு, வரப்போகிறவர்கள் ஒரு பங்கு. நான்கு எல்லைக்கு வெளியே நின்றவர்கள் எங்கே?

*

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. நண்பரும் நானும் இரண்டாம் தடவை போனபோது பொடக்காணியில் ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்திருந்தார். லைன் வீட்டில் இருக்கிறவர். சின்ன வயதில் இந்த வீட்டு வாசல் கூட்டியவர். கிணற்றைப் பார்த்துக்கொண்டு நான் ஏதோ கேட்டேன். என் கவிதையின் ஊமைக் கிணறு என் மனதில் இருந்திருக்க வேண்டும்.

"அதா, அந்தத் தொவைக்கிற கல்லு வரைக்குந்தானுங்க நாங்க வருவோம். கொடத்தைக் கீழ வெச்சுட்டுத் தள்ளி நிப்போம். பெரியம்மா சேந்தி ஊத்துவாங்க. கவுத்த நாங்க தொடக்கூடாதுங்க."

"ஊற்ற மாட்டேன் என்று சொன்னதுண்டா?"

"ஒரு நாளும் இல்லீங்க. அவுங்க ரொம்ப நல்லவங்க. கைவேலையப் போட்டுட்டு வந்து ஊத்துவாங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "இப்ப யாரு சேந்துனாலும் ஆகாதுங்க. சாயத் தண்ணி உள்ள எறங்கிப் போச்சு. அவுங்களுக்கும் ஆகாது, எங்களுக்கும் ஆகாது. அதுல மட்டும் ஒண்ணாயிட்டோம்."

அவர் சிரித்தாரா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

இந்தப் பேச்சை ஒரு தீர்ப்பாக மாற்றிவிடும் ஆசை எனக்கு உண்டு. அது கூடாது என்று நினைக்கிறேன். அந்த அம்மாள் பெரியம்மாவைக் குற்றம் சொல்லவில்லை. பெரியம்மாவின் நல்ல குணம் நிஜம். தினமும் அடுப்பை விட்டுவிட்டு வந்து கயிறு இழுத்த கை நிஜம். அந்த நல்ல குணம் செயல்பட்ட ஏற்பாடு அநியாயமானது என்பதும் அதே அளவுக்கு நிஜம். ஒன்று மற்றொன்றை ரத்து செய்வதில்லை. தனிமனித தர்மத்தைத் தராசின் ஒரு தட்டில் வைத்து ஏற்பாட்டின் அநியாயத்தை ஈடுகட்டிவிடலாம் என்று நம் குடும்பங்கள் எல்லாம் நம்பி வந்திருக்கின்றன. என் குடும்பமும்தான். ஊற்றியவர்கள் மறந்துவிட்டார்கள், ஏந்தியவர் மறக்கவில்லை. பதிவேட்டில் ஏறாத வில்லங்கம் என்று நான் தேடியது இதைத்தான். இது அடமானம் இல்லை, வழக்கு இல்லை. அந்த அம்மாளுக்கு அந்தக் கிணற்றில் சட்டப்படி எந்தப் பாத்தியதையும் கிடையாது. ஆனால் அந்தக் கிணற்றைப் பற்றிய உண்மை அவரிடம்தான் இருக்கிறது.

*

இது வெறும் உணர்ச்சி, சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று சொல்லலாம். தண்ணீர் விஷயத்திலேயே சட்டம் ஒருமுறை எல்லையைத் தாண்டி வந்திருக்கிறது. சாயப்பட்டறைத் தண்ணீரில் நிறத்தை எடுத்துவிடலாம்; சாயம் ஏற்றுவதற்குக் கொட்டின உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பால் எடுக்க முடியாது. அது நொய்யலில் இறங்கியது. சென்னிமலைக்குப் பக்கத்தில் பாசனத்துக்கென்று கட்டி 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருஷங்களிலேயே சாயக் கழிவின் தொட்டியாகிவிட்டது. கீழே இருந்த விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். வேலூர்ப் பக்கத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில், கெடுத்தவன்தான் ஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொல்லியிருந்தது. அதன் வழியில் ஏற்பட்ட ஆணையம் நொய்யல் விவசாயிகளுக்கு நஷ்ட ஈடு நிர்ணயித்தது. 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவை பிறகு படிப்படியாகத் திறந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த விவசாயிகளின் பெயர் எந்தப் பட்டறையின் பத்திரத்திலும் இல்லை. நான்கு எல்லைக்கு எத்தனையோ மைல் வெளியே இருந்தவர்கள். இருந்தும் அவர்களுக்குக் கடன் உண்டு என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. எல்லைக்கு வெளியே நின்றவனுக்கும் சொத்தின் மேல் ஒரு பாத்தியதை உண்டு என்பது அப்படியொன்றும் கவிஞனின் கற்பனை அல்ல. உப்பை அளக்கக் கருவி இருந்தது, ஆகவே அளந்தார்கள். கயிற்றைத் தொடாமல் நின்ற வருஷங்களை அளக்கக் கருவி இல்லை. அளக்க முடியாததால் கடன் இல்லை என்றாகிவிடாது.

சரி, வீட்டின் சரித்திரம் இப்படிப்பட்டதென்றால் இடித்துவிடுவதுதானே நியாயம்? நண்பர் இதைத்தான் கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் இடிப்பது கணக்கைத் தீர்ப்பதில்லை. கணக்குப் புத்தகத்தை எரிக்கிறது. வண்ணக் கண்ணாடியைப் புதிதாகப் போட்டுப் பாரம்பரிய ஓட்டலாக்குவதும் இன்னொரு விதத்தில் அதையே செய்கிறது: பழசு என்பதை அழகாக்கி, அழகை வாடகைக்கு விட்டு, கிணற்றடியில் ஒரு நாற்காலி போடுகிறது. நான் என் கவிதையில் செய்ததும் இந்த இரண்டாவது வேலைதான். புரோக்கர் வில்லங்கத்தைப் பார்க்கவில்லை. ஓட்டல்காரர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார். எழுத்தாளன் அதைச் சோகம் என்று நினைத்து அனுபவிக்கிறான். மூன்று பேருக்கும் கிணற்றடியில் நின்ற ஆள் தேவைப்படவில்லை.

வாங்குகிறவன் என்ன செய்ய வேண்டும்? எனக்குத் தெரிந்த அளவில் பதில் சின்னது. எட்டு போகங்களை ஏற்றுக்கொள்கிறவன் வில்லங்கத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இடித்தாலும் வைத்துக்கொண்டாலும், அந்த இடத்தில் என்ன நடந்தது என்பதைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். ராணி காலத்து வீடு என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. பின்சுவரை ஒட்டி இருப்பவர்களைக் காலிசெய்கிற தேதியை நிர்ணயிக்கும்போது, அவர்களில் ஒருவர் இந்த நிலத்தை எல்லோரையும்விட அதிக காலமாக அறிந்தவர் என்பது அவன் நினைவில் இருக்க வேண்டும். இதனால் அநியாயம் நேராகிவிடாது. அநியாயம் நடந்தது என்பதாவது அழியாமல் இருக்கும்.

நகலில் இரண்டு இடத்தில் பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன். ஜலம் என்ற சொல்லின் கீழ் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தேன். நண்பர் அதையும் பிழை என்று நினைத்துக்கொண்டு என்ன மாற்ற வேண்டும் என்று கேட்டார். எழுத்து சரியாகத்தான் இருக்கிறது என்றேன். கிணற்றை மூடிவிட்டால் அந்த இடத்தில் இன்னொரு தூண் எழுப்பலாம் என்று இன்ஜினீயர் சொல்லியிருக்கிறாராம். பதிவு அடுத்த மாதம். கிணற்றைப் பற்றி அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.